ஸ்டேக்னா கெத்து, பன்னிக்கறின்னா சீயா?

ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. உங்க ரூம்ல யார்கிட்டயாவது போய், "மச்சி, நேத்து பேன்-சியர்டு போர்க் ஸ்டேக் சாப்பிட்டேன்"னு சொல்லுங்க. "எங்கடா? எவ்வளவு ஆச்சு? போட்டோ எடுத்தியா?"ன்னு கேப்பாங்க. ரெண்டு நாள் விட்டு அதே ஆள்கிட்ட, "நேத்து வீட்ல பன்னிக்கறி"ன்னு சொல்லுங்க. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாருங்க. இத்தனைக்கும் ரெண்டும் ஒரே மிருகம், ஒரே கறி.

நான் இதைப் பிளான் பண்ணிச் செய்யல. முதல் வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்த புதுசுல தானா நடந்துச்சு. தீபாவளி லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு எல்லாரும் வட்டமா உக்காந்து, அவங்கவங்க வீட்ல என்ன சமைச்சாங்கன்னு கதை விட்டுட்டு இருந்தோம். மட்டன் பிரியாணி, நாட்டுக்கோழி, வஞ்சிரம். என் முறை வந்துச்சு. "சிக்கன்"னு சொன்னேன். பொய். எங்க வீட்ல அந்த வாரம் முழுக்க பன்னிக்கறிதான். யாரும் என்னை மிரட்டல, யாரும் எதுவும் கேக்கக்கூட இல்ல. நானாவே முந்திக்கிட்டு மறைச்சேன்.

அடுத்த செமஸ்டர்ல அதே வட்டத்துல இருந்த ஒருத்தன் பெங்களூர் போயிட்டு வந்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு கறுப்புத் தட்டு, நடுவுல கறி, மேல பளபளன்னு ஒரு சாஸ், பக்கத்துல ரெண்டு கீரை இலை. "போர்க் ஸ்டேக், செம்ம"ன்னு எழுதி ரெண்டு நெருப்பு எமோஜி வேற. எல்லாரும் லைக். எனக்கு வந்த கோவம் அவன் மேல இல்ல. அவன் பாவம், நல்லா சாப்பிட்டிருக்கான். என் மேலதான் வந்துச்சு.

எங்க ஊரைப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா இந்தக் கோவம் புரியாது. ஊர் நாடுகாணி. காலேஜ்ல கேட்டா "ஊட்டி"ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். ஆனா ஊட்டி எங்களுக்கும் தூரம்தான். கூடலூர்ல இருந்து கேரளா பக்கம் வந்தா நாடுகாணில ரோடு ரெண்டா பிரியும். ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு இறங்கி வழிக்கடவு, நிலம்பூர்னு போகும். இன்னொன்னு தேவாலா, பந்தலூர் பக்கம் போகும். ஜூன், ஜூலைல தமிழ்நாட்டுலயே அதிக மழைன்னு நியூஸ்ல தேவாலா பேர் வரும் பாருங்க, அதே மழை எங்களுக்கும். அந்த மழைல, அந்தக் குளிர்ல, மிளகு போட்ட பன்னிக்கறிக்கு ஈடா வேற எதையும் நான் சாப்பிட்டதில்ல. இதை யார் வேணும்னாலும் மறுக்கலாம், ஆனா ஜூலை மாசம் ஒரு தடவை வந்துட்டு மறுக்கணும்.

எங்க சுத்துவட்டாரத்துல பன்னிக்கறி ஒரே ஜனத்தோட சாப்பாடு இல்ல. 1964ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு இலங்கை மலையகத்துல இருந்து வந்து, இங்க அரசுத் தேயிலைத் தோட்டங்கள்ல வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள்ல எங்க அம்மாயி குடும்பமும் ஒண்ணு. அம்மாயி பன்னிக்கறிக்குக் கொறுக்காய் போடணும்னு சொல்லும். கீழ்வீட்டு மலையாளி சேட்டத்தி தேங்காயைப் பல்லுப் பல்லா நறுக்கிப் போட்டு வரட்டுவாங்க, குடம்புளி சேர்ப்பாங்க. வயநாட்டைத் தாண்டிக் குடகுக்குப் போனா அங்க பந்திக்கறி, அதுல கச்சம்புளின்னு கறுப்பா ஒரு காடி. ரொம்ப நாளா இது மூணும் மூணு சாமான்னு நினைச்சேன். பாத்தா எல்லாம் ஒரே குடும்பம். குடம்புளி மரத்தோட பழத்தைக் காயவெச்சுப் புகைபோட்டா நம்ம கடைல விக்கிற கறுப்புச் சுளை. அந்தப் பழச்சாற்றைக் கெட்டியாகுற வரைக்கும் காய்ச்சினா கச்சம்புளி. இலங்கைக் கொறுக்காயும் அதே இனம்தான். மூணு ஊரு, மூணு பாஷை, கொழுப்புக் கறிக்கு இந்தப் புளிப்புதான் சரின்னு தனித்தனியா கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க.

அந்த ஸ்டேட்டஸைப் பாத்த பிறகு, லீவுக்குப் போனப்ப ஒரு முடிவோட போனேன். ஸ்டேக்னா என்னதான் பெரிய வித்தைன்னு வீட்லயே செஞ்சு பாத்துடறது.

முதல் தடங்கல் கறிக்கடைலயே வந்துச்சு. எங்க பக்கம் பன்னிக்கறின்னா தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் கலந்து சின்னச் சின்னதா வெட்டிக் குடுப்பாங்க. நான் போய், "அண்ணே, முதுகுப்பக்கத்துல ஒரே துண்டா, ஒரு இஞ்சு தடிமனா ரெண்டு வேணும்"னேன். அண்ணன் கத்தியைக் கீழ வெச்சுட்டார். "எதுக்குத் தம்பி? மருந்துக்கா?" ஸ்டேக்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஹாஸ்டல்ல பன்னிக்கறின்னு சொல்ல வெக்கம், ஊர்ல ஸ்டேக்னு சொல்ல வெக்கம். நம்ம பொழப்பு அப்படி. கடைசில, "முழுசா வறுக்கறதுக்கு"ன்னு சொன்னேன். ஆட்டுக்கறி விக்கிற விலைல பாதிகூட ஆகல.

இனி சமையல். நம்ம ஆளுங்களுக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் இருக்கே, அதை வெச்சே சொல்லிடறேன்.

கறியோட மேல்பக்கம் பழுப்பா மாறி வாசனை வருதுல்ல, அதுக்குப் பேர் மெயிலார்ட் வினை. 1912ல லூயி கமீல் மெயிலார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னது. புரதத்துல இருக்குற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து நூத்துக்கணக்கான புது வாசனைப் பொருள்களை உண்டாக்கும். கிட்டத்தட்ட 140 டிகிரிக்கு மேல போனாதான் இது வேகம் பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, கறி மேல ஈரம் இருக்குற வரைக்கும் அந்த இடம் தண்ணி கொதிக்கிற சூட்டைத் தாண்டாது. எங்க ஊர் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம்கிறதால தண்ணி 97 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். ஒரு கிராம் தண்ணியை 30ல இருந்து 97க்குக் கொண்டுபோக 280 ஜூல் போதும். அதை ஆவியாக்க 2260 ஜூல் வேணும், அதாவது எட்டு மடங்கு. ஈரக்கறியைக் கல்லுல போட்டா அடுப்போட சூடு பூரா அந்தத் தண்ணியை விரட்டறதுலயே போயிடும். கறி வறுபடாது, அவியும்.

அதனால முதல் நாள் ராத்திரியே உப்புத் தடவி, மூடாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. ஃப்ரிட்ஜ் இல்லாட்டி சமைக்க முக்கால் மணி நேரம் முன்னாடியாவது உப்புப் போடுங்க. கல்லுல போடறதுக்கு முன்னாடி சுத்தமான துணியால அழுத்தித் துடைங்க. மஞ்சத்தூள், மிளகாத்தூள் எதுவும் இப்ப வேணாம், கருகிடும்.

கல்லு? அம்மாவோட பழைய இரும்பு தோசைக்கல்லுதான். வெளிநாட்டு வீடியோல காட்டுற விலை அதிகமான வார்ப்பிரும்புச் சட்டியைப் பாத்து ஏங்கவே வேணாம். தடிமனான இரும்பு நிறைய சூட்டைத் தேக்கி வெச்சிருக்கும், குளிர்ந்த கறி விழுந்தா டபக்குன்னு இறங்காது. மெல்லிசான நான்ஸ்டிக் அதுக்கு லாயக்கில்ல, அதை வெறுமனே அவ்வளவு சூடாக்கவும் கூடாது.

கல்லு நல்லா காய்ஞ்சதும் முதல்ல துண்டை இடுக்கியால நிக்க வெச்சு, ஓரத்துக் கொழுப்பை மட்டும் கல்லுல படவிடுங்க. கொழுப்பு உருகி அதுவே எண்ணெய் ஆயிடும். அப்புறம் படுக்கப் போட்டு ஒரு பக்கம் நாலு நிமிஷம், மறுபக்கம் நாலு நிமிஷம். நோண்டாதீங்க. தானா கல்லை விட்டு வரும்போதுதான் திருப்பணும்.

"நல்ல சூட்டுல வறுத்தா மேல அடைச்சுக்கும், உள்ள இருக்குற சாறு வெளிய வராது"ன்னு யூடியூப்ல நூறு பேர் சொல்லுவாங்க. 1847ல லீபிக்னு ஒரு ஜெர்மன் வேதியியல் மேதை பரப்பிவிட்ட கருத்து அது. தப்புன்னு தெரிஞ்சு ரொம்ப காலம் ஆச்சு, ஆனா சாகமாட்டேங்குது. கறி கல்லுல படும்போது சுர்ர்னு ஒரு சத்தம் வருதே, அதுவே உள்ள இருக்குற தண்ணி வெளிய வந்து ஆவியாகிற சத்தம்தான். அடைச்சிருந்தா எங்க இருந்து சத்தம்? வறுக்கறது வாசனைக்கு. சாறு நிக்கிறது, அளவுக்கு மீறி வேகவிடாம இருக்குறதுல.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். பன்னிக்கறின்னாலே மூளைல புழு வரும்னு ஒரு பேச்சு இருக்கு. எங்க மெஸ்ல ஒரு சீனியர் இதைப் பெரிய பிரசங்கமாவே பண்ணுவார். அதுல பாதிதான் உண்மை. பன்றி நாடாப்புழுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. கட்டி இருக்குற கறியை அரைவேக்காடா சாப்பிட்டா புழு வரும், ஆனா அது வர்றது குடல்ல. மூளைல கட்டி வர்றது அந்தப் புழுவோட முட்டை வயித்துக்குள்ள போறதால. முட்டை எங்க இருக்கும்? புழு இருக்குற மனுஷனோட மலத்துல. அங்க இருந்து தண்ணி, பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியா வரும். அதனால வாழ்நாள்ல பன்னிக்கறியே தொடாதவங்களுக்கும் இது வருது. பழி மட்டும் பன்னி மேல. கக்கூஸும் கைகழுவறதும் சரியில்லாத இடத்து நோய் இது.

அதுக்காக அசட்டையா இருக்கச் சொல்லல. குப்பைமேட்டுல மேயுற பன்னியைப் பாத்து அருவருப்பு வர்றது நியாயம், எனக்கும் வரும். கொட்டகைல தீவனம் போட்டு வளர்க்குற வெண்பன்றின்னு விசாரிச்சு வாங்குங்க. அமெரிக்காவுல 2011ல முழுத்துண்டு பன்றிக்கறிக்கு இருந்த 71 டிகிரிங்கிற அளவை 63 டிகிரி, மூணு நிமிஷம் ஆறவிடணும்னு குறைச்சாங்க. அதைப் பாத்துட்டு இங்க ரோஸ் கலர்ல சாப்பிட்டு ஸ்டைல் காட்டாதீங்க. நம்ம ஊருக்கு 71தான் சரி. வறுத்த பிறகு தீயைக் குறைச்சு, மூடிபோட்டு நாலஞ்சு நிமிஷம் விட்டா வந்துடும். கறில குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்தான், நாலு பேர் சேர்ந்து வாங்குங்க. காட்டுப்பன்றி பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம், சோதனை பண்ணாத கறி வேற.

இன்னொரு பயமும் வந்து போச்சு. 2022 ஜூலைல வயநாட்டுல மானந்தவாடி பக்கம் பண்ணைகள்ல ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல் வந்து பன்றிகளைக் கொன்னாங்க. 2023 ஜனவரில எங்க பக்கத்து முதுமலைல காட்டுப்பன்றிகள் அதே நோய்ல செத்துச்சு. அந்தக் காய்ச்சல் மனுஷனுக்கு வராது, பன்றிக்குத்தான் எமன். ஆனா கறிக்கடைல கூட்டம் நின்னுபோச்சு. வளர்த்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. "அது சாகட்டும், அசிங்கம்"னு யாரோ போட்ட கமெண்டை அன்னிக்குப் படிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, சாஸுக்கு வருவோம். ஸ்டேக்கை எடுத்துத் தட்டுல வெச்சிட்டீங்க. கல்லுல பழுப்பா அடிப்பிடிச்சிருக்கும். அதைக் கழுவிடாதீங்க, சாஸே அதுதான். நம்ம வீட்ல கறி வறுத்த சட்டில கடைசியா சோத்தைப் போட்டுப் பெரட்டி, சண்டை போட்டுத் திம்போமே, அதே ரகசியம்தான். பிரெஞ்சுக்காரன் அதுக்கு ஒரு பேர் வெச்சுக் காசாக்கிட்டான், நாம பேர் வைக்காம தின்னுட்டு இருக்கோம்.

அதிகக் கொழுப்பை வடிச்சிட்டு ரெண்டு ஸ்பூன் மட்டும் விட்டு வைங்க. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல்லு, தட்டிப் போட்டு வதக்குங்க. ஒரு குவிஞ்ச ஸ்பூன் மிளகு, புதுசா இடிச்சது. கறிவேப்பிலை. ரெண்டு சுளை குடம்புளியை அரை டம்ளர் வெந்நீர்ல முன்னாடியே ஊற வெச்சு, அந்தத் தண்ணியை ஊத்திக் கரண்டியால அடியைச் சுரண்டுங்க. கட்டைவிரல் நகம் அளவு வெல்லம். கெட்டியானதும் இறக்கிடுங்க, இரும்புல புளிப்பு ரொம்ப நேரம் கிடந்தா கல்லும் கெடும், ருசியும் கெடும். தட்டுல கறி விட்டிருக்குற சாறையும் இதுலயே சேத்துடுங்க. குடம்புளி கிடைக்கலைன்னா சாதாப் புளி ஊத்தலாம். ஆனா அந்தப் புகை வாசனை வராது.

செஞ்சு, கறுப்புத் தட்டு இல்லாததால எவர்சில்வர் தட்டுல வெச்சு, அம்மா முன்னாடி நீட்டினேன். அம்மா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "இதை எப்படிடா கடிக்கிறது?"ன்னு கேட்டாங்க. அம்மாயிக்குப் பல்லு இல்ல. அம்மா அரிவாள்மணையை எடுத்து என் ஸ்டேக்கைச் சின்னச் சின்னதா அரிஞ்சு, சாஸோட கல்லுல போட்டு ஒரு பெரட்டு பெரட்டினாங்க. நல்லா இருந்துச்சு. உண்மையைச் சொன்னா முழுசா இருந்ததைவிட நல்லா இருந்துச்சு. அம்மாயி மட்டும், "கொறுக்காய் கொஞ்சம் தூக்கல்"னு சொல்லுச்சு.

அப்பதான் கவனிச்சேன். நான் சமைச்சுட்டு இருக்கும்போதே அம்மா போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தியிருக்காங்க. "ஏம்மா?"ன்னு கேட்டா, "மேல்வீட்டுல புதுசா குடிவந்திருக்காங்க, எதுக்கு வம்பு"ன்னாங்க. இத்தனை வருஷமா அம்மா அந்த ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சமைச்சிருக்காங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. ஹாஸ்டல்ல நான் "சிக்கன்"னு சொன்ன பொய்யை நான் எங்க கத்துக்கிட்டேன்னும்.

இந்த சீன்னு சொல்றதுக்குப் பின்னாடி சுத்தம், நோய் மட்டும் இல்ல. பன்னி யார் வளர்த்தா, யார் வெட்டினா, யார் தின்னாங்கிறதுல சாதி இருக்கு. அதை வெளிப்படையா சொல்லாம "எங்க வீட்ல அதெல்லாம் வழக்கமில்ல"ன்னு சொல்லுவோம். அதே வாய்தான் ஸ்டேக்னு மெனுல வந்ததும் ஆர்டர் பண்ணுது. தமிழ் கலாச்சாரத்துல இல்லாததுன்னு யாராவது வந்தா ரெண்டு பேரைச் சொல்லுங்க. பெரும்பாணாற்றுப்படைல பன்றியைக் குழில அடைச்சு மாவு போட்டுக் கொழுக்க வெச்சு, கள்ளோட விருந்தாளிக்குக் குடுக்குற காட்சி இருக்கு. பெரியபுராணத்துல கண்ணப்பர் காளத்தி சாமிக்கு, தானே கடிச்சு ருசி பாத்துப் படைச்சது பன்றிக்கறி.

எல்லாரும் தின்னணும்னு நான் சொல்லவே இல்ல. போன ஸ்டடி லீவுல ரெண்டு ரூம்மேட்ஸ் எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஒருத்தன் முஸ்லிம். அவனுக்கு அது மார்க்கத்துல இல்ல. அம்மா புதுச்சட்டில அவனுக்கு முட்டைக்குழம்பு வெச்சாங்க. எங்களோடவே உக்காந்து, எங்களோடவே அரட்டையடிச்சுச் சாப்பிட்டான். கறியைத் தொடல, மூக்கையும் பொத்தல. இன்னொருத்தன், அந்த ஸ்டேட்டஸ் போட்டவனேதான், மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, "பெங்களூர்ல சாப்பிட்டதுல இந்தப் புளிப்பு இல்லடா"ன்னான். நான் எதுவும் சொல்லல. முதல் வருஷம் சொன்ன சிக்கன் பொய்யை மட்டும் அன்னிக்கு ராத்திரி அவங்ககிட்ட சொன்னேன். சிரிச்சானுங்க.

நம்ம ஹாஸ்டல்லயே அசாம், நாகாலாந்துல இருந்து வந்த ஜூனியர்ஸ் இருக்காங்க. 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டுல இருக்குற 90 லட்சம் பன்றில 21 லட்சம் அசாம்ல மட்டுமே இருக்கு. அவங்களுக்கு அது நமக்கு ஆட்டுக்கறி மாதிரி. வீட்ல இருந்து வந்த பார்சலை ஒரு தம்பி மொட்டைமாடில ஒளிஞ்சு பிரிச்சதை நான் பாத்திருக்கேன். அடுத்த தடவை பார்சல் வந்தா கீழ ரூமுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கேன். குடம்புளி நான் தர்றேன்னு ஒப்பந்தம்.

நாடுகாணிக்கு வர்ற ஐடியா இருந்தா, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்குள்ள கறிக்கடைல இருக்கணும். அதுக்கப்புறம் போனா முதுகுத்துண்டு இருக்காது, அண்ணன் எல்லாத்தையும் சின்னதா வெட்டி முடிச்சிருப்பார்.